1969 கமாரோவில் எல்எஸ்3: விளம்பரத்தில் இல்லாததை முதலில் பாருங்கள்

டாலஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 1969-ஆம் ஆண்டு செவ்ரோலெட் கமாரோ கூபே ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்னாலும் பின்னாலும் எஸ்எஸ் (அந்தக் காலத்து விசை கூடிய சிறப்பு மாடல்) பேட்ஜ். பழைய இன்ஜினை எடுத்துவிட்டு செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின் வைத்திருக்கிறார்கள். கூடவே ட்ரெமெக் ஆறு கியர் மேனுவல் பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், காயில்ஓவர் சஸ்பென்ஷன், ஏசி. முழு வேலையும் முடிந்த பிறகு 600 மைல்தான் ஓடியிருக்கிறது என்கிறார் விற்பவர். கேட்கும் விலை ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல். இந்த விலை தகுமா, தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாமா, ஏழு வயது மகளைப் பள்ளியில் விட்டுவரலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: உறுப்பெல்லாம் புதிது என்பதால் இந்தக் காரைப் புதுக் காராக நினைத்து நம்பலாமா?

உறுப்புகளை நம்பலாம். காரை நம்பலாமா என்பது அவற்றை ஒன்றுசேர்த்தவரின் கையைப் பொறுத்தது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், மிச்சிகனில் கார் சஸ்பென்ஷன் வடிவமைப்பில் பல வருடம் வேலை பார்த்தவன். பழைய அமெரிக்கக் கார்களைப் பிரித்துப் பூட்டும் ஒரு சின்ன கராஜில் வார இறுதிகளில் கூடமாட நிற்கிறேன். 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை கமாரோக்கள் அங்கே அடிக்கடி வரும். சஸ்பென்ஷன், பிரேக், பெட்ரோல் லைன், வயரிங் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வேலை என் துறை இல்லை. சந்தை விலை நாளை எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கவும் நான் ஆள் இல்லை.

முதலில் இன்ஜின். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது அதுதான்; நீங்கள் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் அதுதான். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் தொடங்கிய குடும்பம் இது. எல்எஸ்3 வந்தது 2008 கார்வெட்டில். 376 கன அங்குலம், 430 குதிரைசக்தி. பழைய கார்களில் வைப்பதற்கென்றே செவ்ரோலெட் இதைத் தனி இன்ஜினாகவும் விற்றது. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம் என்பதால் பழைய வார்ப்பிரும்பு வி8-ஐவிட எடை கணிசமாகக் குறைவு. அந்த எடை முன் சக்கரங்களின் மேலிருந்து இறங்குவதால், வளைவில் திருப்பும்போதே வித்தியாசம் தெரியும். கார் கட்டுபவர்கள் எல்லாரும் எல்எஸ்ஸையே தேடிப் போவதற்கு இன்னொரு காரணம் அதன் உருவம். இது இன்னும் புஷ்ராட் இன்ஜின். ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்குள்ளேயே. ஹெட்டுக்கு இரண்டு கேம் வைத்த ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி இன்ஜின் இதைவிட மிக அகலம். அதை 1960-களின் மஸ்டாங்கில் இறக்க வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு பக்க ஷாக் டவர்களையும் (ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் தகட்டுக் கூடு) வெட்டி எடுக்க வேண்டும். கமாரோவில் எல்எஸ்ஸுக்கு அந்தப் பாடு இல்லை.  

அந்தக் காலத்து 396 கன அங்குல பிக் பிளாக் (பெரிய வி8) இன்ஜினே 375 குதிரைசக்தி தந்ததே, இதில் அப்படி என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. அன்று விளம்பரத்தில் போட்டது 'கிராஸ்' கணக்கு. ஏர் கிளீனர், சைலன்ஸர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்தது. காரில் இருக்கும் நிலையில் அளக்கும் 'நெட்' கணக்குக்கு 1972-இல் மாறினார்கள். கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினுக்கு 1971-இல் 330 என்று போட்டவர்கள் 1972-இல் 255 என்று போட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆகவே இன்றைய 430 அன்றைய 375-ஐவிட வெகுவாக மேலே இருக்கிறது. 1969-இல் அடித்த தகடு இவ்வளவு விசையை மனதில் வைத்து அடிக்கப்பட்டதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கமாரோவுக்கு முழு நீளச் சேஸி கிடையாது. பயணிகள் உட்காரும் பகுதியும் பின்பகுதியும் யூனிபாடி, அதாவது தகடே சட்டமாக நிற்கும் கூடு. இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃப்ரேம் தனி; அதை ரப்பர் புஷ் வைத்து பாடியோடு போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சாலையின் அதிர்வும் சத்தமும் உள்ளே வராமல் இருக்க அன்றைக்கு அது நல்ல யோசனை. அதே காரில் அகலமான நவீன டயரும் இரண்டு மடங்கு விசையும் வந்தால் அந்த இடத்தில் வண்டி முறுகும். அதற்குத்தான் முன் சப்ஃப்ரேமையும் பின்பக்க ரெயிலையும் இணைக்கும் சப்ஃப்ரேம் கனெக்டர் என்ற இரும்புச் சட்டத்தை வெல்டு செய்கிறார்கள். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் அலுமினியப் புஷ்ஷும் போடுவதுண்டு. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நேரில் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். டிரைவர் பக்க முன் சக்கரத்தை மட்டும், சப்ஃப்ரேமில் ஜாக் வைத்து, தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். பிறகு டிரைவர் கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். வண்டி நான்கு காலில் நிற்கும்போது எப்படி மூடியதோ அப்படியே மூட வேண்டும். லாக் இடிக்கிறது, கதவின் பின் விளிம்பு பாடியைவிட உயர்ந்து நிற்கிறது என்றால், உடம்பு விறைப்பாக இல்லை. இந்தக் காரில் 430 குதிரைசக்தி ஒரு பாரம்தான்.

துருவும் இதே இடத்தில்தான் சேர்த்துப் பார்க்க வேண்டியது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அருகே, காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கும். அதற்கு அடியில் ஒரு மூடிய பள்ளம். இலையும் சருகும் விழுந்து, ஈரம் தங்கி, உள்ளிருந்தே தகடு அரிக்கும் இடம் அது. வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அது தெரியாது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு குடம் தண்ணீரை அந்தச் சல்லடையில் மெதுவாக ஊற்றுங்கள். கதவுக்கு முன்னால், அடிப்பக்கம் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் வடிய வேண்டும். காலடிக் கார்ப்பெட் நனைந்தால் அந்தப் பள்ளத்தைச் சரி செய்யாமலேயே மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். அதைச் சரி செய்ய முன்பக்கத் தகடு முழுவதையும் கழற்றி, வெல்டைப் பிரித்து, பெயிண்ட் மறுபடி அடிக்க வேண்டும், செலவு சின்னதில்லை. பின் சக்கர வளைவுக்கு மேலே, டிக்கி தரை, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியோடு சேரும் இடம் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் பல மடங்கு ஏறினால் அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் தகடு எப்படி இருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அடுத்தது என் சொந்தத் துறை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 'காயில்ஓவர் சஸ்பென்ஷன்' என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டாக இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. 1969 கமாரோவின் முன் சஸ்பென்ஷனில் உள்ள அடிப்படைக் குறை ஸ்பிரிங்கில் இல்லை, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கைகளின் (கண்ட்ரோல் ஆர்ம்) கோணத்தில் இருக்கிறது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பாடியை நோக்கி மேலேறும். அப்போது சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தால்தான் டயரின் முழு அகலமும் தரையில் படியும். இந்தக் காரிலோ மேல்முனை வெளியே சாயும். டயர் தன் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். அன்றைய குறுகிய, மெல்லிய டயர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்றைய அகலமான டயரை மாட்டினால் பாதி அகலம் வீண். மேல் கையின் உள்முனையைத் தாழ்த்துவது, உயரமான பால் ஜாயிண்ட் போடுவது, இல்லையென்றால் சப்ஃப்ரேமையே மாற்றுவது என்று இதற்கு வழிகள் உண்டு. மேல் கையைத் தாழ்த்தித் துளை போடும் முறையை இன்றும் பந்தய ஓட்டுநர் டிக் குல்ட்ஸ்ட்ராண்ட் பெயரால்தான் சொல்கிறார்கள். இவற்றில் எதையும் செய்யாமல் விலையுயர்ந்த காயில்ஓவரை மட்டும் மாட்டியிருந்தால், வண்டி இறங்கி அழகாக நிற்கும், குலுக்கும், ஆனால் வளைவில் 1969 போலவே போகும்.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அலைன்மெண்ட் ஷீட், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து எழுதிய தாள். அந்த ஒற்றைத் தாள் நிறையப் பேசும். காஸ்டர் கோணத்தைப் பாருங்கள்; பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு அது. தொழிற்சாலை சொன்ன கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யத்தை ஒட்டியது. அது அந்தக் கால பயஸ் பிளை டயருக்கும் (ரேடியலுக்கு முந்தைய வகை) பவர் ஸ்டீயரிங் இல்லாதவர்களின் கை வலிமைக்கும் ஏற்றது. ரேடியல் டயரில், ஹைவேயில் கையை லேசாக வைத்தாலும் வண்டி நேராகப் போக வேண்டுமானால் பாசிட்டிவ் காஸ்டர் 4 முதல் 6 டிகிரி வரை வேண்டும். தாளில் அந்த எண் இருந்தால், யோசிக்கத் தெரிந்த ஒருவர் இந்தக் காரில் கை வைத்திருக்கிறார் என்று பொருள். தாளே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த வகை வேலை எந்த அளவுக்குப் போக முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் மார்க் ஸ்டீலோ கட்டிய கமாரோக்களைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஜிஎம்மில் பொறியாளராக வேலை பார்த்தவர், பழைய உடம்பை வளைவிலும் பிரேக்கிலும் நவீன ஸ்போர்ட்ஸ் காருக்கு இணையாக ஓட வைக்கும் போக்கை வளர்த்தவர்களில் முக்கியமானவர். வட கரோலினாவில் முதல் தலைமுறை கமாரோவுக்கான சப்ஃப்ரேமும் பின் சஸ்பென்ஷனும் செய்யும் டெட்ராய்ட் ஸ்பீடைத் தொடங்கிய டக்கர் தம்பதியும் ஜிஎம் பொறியாளர்களாக இருந்தவர்கள்தான். இவர்களுடைய கார்களில் எனக்குப் பிடித்தது, எந்த உறுப்பும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. இன்ஜினுக்கு ஏற்ற பிரேக், பிரேக்குக்கு ஏற்ற டயர், டயருக்கு ஏற்ற சஸ்பென்ஷன், அதையெல்லாம் தாங்கும் உடம்பு. உங்கள் விளம்பரக் காரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

கியர் பெட்டிக்கு வருவோம். ட்ரெமெக் ஆறு கியர் பெட்டி என்றால் பெரும்பாலும் டி-56 மேக்னம். நல்ல பெட்டி, இந்த இன்ஜினின் விசையைச் சிரமமில்லாமல் தாங்கும். இதன் பயன் ஹைவேயில் தெரியும். பின் ஆக்சில் விகிதம் 3.73, டயர் உயரம் 26 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பழைய நான்கு கியர் பெட்டியில் மணிக்கு 70 மைலில் இன்ஜின் சுமார் 3,370 சுற்று சுற்றும். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். ஆறாவது கியர் 0.63 என்றால் அதே வேகத்தில் சுமார் 2,120 சுற்று. பழைய காரை நெடுந்தூரம் ஓட்டக்கூடியதாக மாற்றுவதில் இன்ஜினைவிட இந்தப் பெட்டிக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

சிக்கல் என்னவென்றால் இந்தப் பெட்டி பருமன். கமாரோவின் தரை நடுவே உள்ள டனலை வெட்டி உயர்த்தாமல் இது சரியாக உட்காராது. வெட்ட மனமில்லாதவர்கள் பெட்டியின் வாலைக் கீழே இறக்கி மாட்டிவிடுவார்கள். அப்போது பெட்டியின் கோணமும் பின் ஆக்சிலின் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ஒருமுறை ஒரு கமாரோ 65 மைலைத் தாண்டினால் நடுங்குகிறது என்று எங்களிடம் வந்தது. உரிமையாளர் அதற்குள் டயர் பேலன்ஸ் செய்து, ரிம் மாற்றி, டிரைவ் ஷாஃப்டையும் புதிதாகச் செய்து வாங்கியிருந்தார். லிஃப்டில் ஏற்றி, பெட்டியின் வால் பக்கத்திலும் டிஃபரென்ஷியல் முகத்திலும் கோணமானியை வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு கோணமும் சமமாகவும் எதிர்த்திசையிலும் இருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் மடங்கினால் நல்லது. அந்தக் காரில் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. டனலை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் நடுக்கம் போனது. நீங்கள் பார்க்கும் காரில் கார்ப்பெட்டைத் தூக்கி டனல் வெல்டிங்கைப் பாருங்கள். தொடர்ச்சியான, சீலர் பூசிய வெல்டு இருந்தால் திருப்தியாக அடுத்த இடத்துக்குப் போகலாம். பின் ஆக்சில் எது என்றும் கேளுங்கள். பல கமாரோக்களில் வந்த பழைய 10 போல்ட் ஆக்சில் இந்த விசைக்குத் தாங்காது. 12 போல்ட் அல்லது ஃபோர்டு 9 அங்குல ஆக்சில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் லைனைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை, ஆனால் நடுச்சாலையில் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். எல்எஸ்3-க்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். பழைய டேங்க்கை அப்படியே வைத்து, வெளியே பம்ப் ஒன்றை மாட்டினால் வேலை செய்யும். டெக்ஸஸ் ஜூலை வெயிலில் எத்தனை நாள் செய்யும் என்பதுதான் கேள்வி. டேங்க்குக்குள்ளேயே பம்ப் இருந்தால் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். டேங்க்குக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால், கால் டேங்க் இருக்கும்போது வேகமான வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும். ஓட்டிப் பார்க்கும்போது டேங்க் நிறைந்திருந்தால் இந்தக் குறை தெரியாது. கால் டேங்க்கில் ஓட்டக் கேளுங்கள்.

வயரிங்குக்கு ஒரே ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் சூடானதும், ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது), ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் மூன்றையும் போட்டுவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டரோ அதன் கேபிளோ போதவில்லை. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் உள்ள காரில் எர்த் கோளாறு பேய் பிடித்த மாதிரி ஆட்டம் காட்டும். ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது, கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகாது.

பிரேக்கில் ஒரு விஷயம்தான். ஐடிலில் அந்தத் தடதட ஒலி எல்லாருக்கும் பிடிக்கும். அந்த ஒலி வருவது பெரிய கேம்ஷாஃப்ட்டால். பெரிய கேம் போட்டால் ஐடிலில் வேக்யூம் குறையும். அந்த வேக்யூமைக் கொண்டு மிதிக்கு உதவும் வேக்யூம் பூஸ்டரை நம்பியிருக்கும் பிரேக் பெடல் கல்லாகும். அதற்கு ஹைட்ராலிக் பூஸ்டரோ தனி வேக்யூம் பம்ப்போ வைத்திருக்க வேண்டும். இந்தக் காரின் ஐடில் சீராக இல்லாமல் தடதடத்தால், பூஸ்டர் எந்த வகை என்று உடனே கேளுங்கள். பிறகு காலியான பார்க்கிங்கில் 30 மைல் வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் முன், பின் பிரேக் பங்கீட்டை யாரும் சரி செய்யவில்லை. ஏபிஎஸ் இல்லாத காரில் இது ஆபத்தான குறை.

இப்போது 600 மைல் விஷயம். வீட்டில் பூட்டி வைத்த புதுக் காருக்கு அது பெருமை. பழைய உடம்பில் நவீன உறுப்புகளை வைத்துக் கட்டிய ஒரு ரெஸ்டோமாடுக்கு அது எச்சரிக்கை. தொழிற்சாலையிலிருந்து வரும் கார் விற்பனைக்கு வரும் முன்பே வெயிலிலும் பனியிலும் லட்சக்கணக்கான மைல் சோதனையில் ஓடிய வடிவமைப்பு. உங்கள் கமாரோவோ இந்த உறுப்புகள் இந்த வரிசையில் சேர்ந்த ஒரே கார். சூட்டில் உருகும் வயர் எது, தளரும் போல்ட் எது, எந்த ஹோஸ் எங்கே உரசுகிறது என்பதெல்லாம் முதல் இரண்டாயிரம், மூவாயிரம் மைலில்தான் வெளியே வரும். அந்தக் குறைகளை ஒருவர் கண்டுபிடித்துச் சரி செய்த 5,000 மைல் கார், பில்களோடு கிடைத்தால், 600 மைல் காரைவிட நான் அதற்கே அதிகம் கொடுப்பேன்.

எஸ்எஸ் பேட்ஜைப் பொறுத்தவரை, அதற்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டாம். 1969 கமாரோவின் வின் எண் (காரின் அடையாள எண்) 124379 என்று தொடங்கினால் அது வி8 இன்ஜினோடு பிறந்த கூபே, 1969 மாடல் என்பது உறுதி. அடுத்த எழுத்து 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். அவ்வளவுதான், எஸ்எஸ்ஸா, பந்தயத்தை மனதில் வைத்து வந்த இசட்28 மாடலா என்பது அந்த எண்ணில் கிடையாது. அசல் இன்ஜினும் போய்விட்டதால் பிளாக்கில் பொறித்த எண்ணை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. வாரண்டிப் புத்தகத்தோடு வந்த உலோகத் தகடு, பழைய டீலர் ரசீது போன்ற காகிதம் இருந்தால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கலாம். அப்படிக் காகிதம் உள்ள நிஜமான எஸ்எஸ்ஸையோ இசட்28-ஐயோ வெட்டி இப்படி மாற்றியிருந்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். சாதாரணக் கமாரோவை மாற்றுவதில் தவறே இல்லை. 1969 மாடல் மட்டும் 2,40,000-க்கு மேல் செய்யப்பட்டது.

வின் தகட்டைக் கண்ணாடி வழியாக டேஷ்போர்டில் பாருங்கள். டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா, ரிவெட் அசல் மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். 1969 கமாரோவின் முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கிறார்கள். அதில் பழைய காரின் தகட்டைப் பிடுங்கி ஒட்டுவது சட்டச் சிக்கல். கன்சாஸில் 1959 கார்வெட் ஒன்றைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மாட்டியதற்காகவே போலீஸ் பறிமுதல் செய்து, வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யாதவர். தகட்டில் சந்தேகம் வந்தால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாமா? நன்றாகக் கட்டிய கார் என்றால் இயந்திரம் அதற்கு ஈடுகொடுக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் வேறு. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, டயர் வழுக்கினால் விசையைக் குறைக்கும் எலக்ட்ரானிக்ஸ் இல்லை. மழை பெய்த ஹைவேயில் 430 குதிரைசக்தியையும் உங்கள் வலது கால் மட்டுமே அடக்க வேண்டும். கிளாசிக் கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை தினசரிப் பயணத்தை அனுமதிப்பதில்லை. அன்றாடத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்று கேட்கும். டெக்ஸஸில் ஆன்டிக் பிளேட் (பழைய கார்களுக்கான தனி நம்பர் பிளேட்) போட்டிருந்தாலும் இதே கதை, அதற்குப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு.

மகளை இதில் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டாம். இந்தக் கேள்விக்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பின் சீட்டில் இடுப்புப் பட்டை மட்டுமே உண்டு. குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2002 செப்டம்பரிலிருந்துதான். மோதலில் தானே நசுங்கி விசையை உறிஞ்சும் முன்பகுதி என்ற எண்ணம் இந்த வடிவமைப்பில் இல்லை. கனெக்டர் போட்டு உடம்பை விறைப்பாக்குவதால் அது வந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறிச்சோடிய தெருவில், நல்ல மூன்று முனை பெல்ட் பொருத்திய பிறகு ஒரு சுற்று என்றால் அது உங்கள் முடிவு.

விலை. இப்படி ஒரு காரை நல்ல கடையில் கட்ட ஆயிரம் மணி நேர உழைப்பு சர்வ சாதாரணம். அதனால் கட்டியவர் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவது அரிது. வாங்குகிறவர் பக்கம்தான் லாபம் இருக்கிறது, வேலை ஒழுங்காக நடந்திருந்தால். கட்டிய கடையின் பெயர், பிரித்த நிலையில் எடுத்த படங்கள், உறுப்புகளின் ரசீது, அலைன்மெண்ட் ஷீட் எல்லாம் இருந்து, மேலே சொன்ன சோதனைகளிலும் தேறினால், கேட்கும் விலை அநியாயம் இல்லை. படங்களும் ரசீதும் இல்லை என்றால் அது வேறு கார். அதற்கு இந்த விலை தர மாட்டேன். பெரிதாகப் பேசும் விற்பவர்களிடம் வெல்டிங் படம் ஒன்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

டெக்ஸஸில் 2025 ஜனவரி முதல் தனியார் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. புகைச் சோதனையும் 24 வயதைத் தாண்டிய கார்களுக்கு இல்லை. அதாவது அரசாங்கத் தரப்பில் யாரும் இந்தக் காரின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்க்கப் போவதில்லை. விற்பவருக்குத் தெரிந்தவர் அல்லாத, எல்எஸ் மாற்று வேலை தெரிந்த ஒரு கடையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். கட்டணம் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே ஆயில் பேன் சப்ஃப்ரேம் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். லாரிக்கான பேனை வைத்திருந்தால் தொங்கும். முதல் வேகத்தடையிலேயே ஆயில் தரையில். வாங்குவது என்று முடிவானால், சாவி கைக்கு வரும் முன்பே 'அக்ரீட் வேல்யூ' பாலிசி எடுத்துவிடுங்கள். இழப்பு நேர்ந்தால் தரும் தொகையை இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளும் பாலிசி அது. 'ஸ்டேட்டட் வேல்யூ' என்று இன்னொன்றைக் காட்டுவார்கள். அதில் நீங்கள் சொன்ன தொகை உச்சவரம்பு மட்டுமே. கடைசியில் தேய்மானம் கழித்துக் குறைவாகவும் கொடுக்கலாம்.